ஒன்றரை பதினைந்தான விதம்

எண் வேறு, அதை எழுதிக் காட்டும் முறை வேறு என்பது ஆரம்பக் கல்வியோடு நமக்குக் கிடைத்துவிடுகிற ஞானந்தான். ஆயினும் அந்த வேற்றுமையை நினைவில் இருத்திக்கொண்டு காரியம் செய்யவேண்டிய அவசியம் அன்றாட வாழ்க்கையில் அபூர்வமாகவே நேர்கிறது. கடைக்காரர் துண்டுச் சீட்டில் அவசரமாக எழுதிக் கொடுக்கிற தொகையில் புள்ளி சற்றே இடம் மாறி விழுந்திருந்தாலும், வாங்கிய பண்டம் இன்னது, அதன் விலை ஏறக்குறைய இவ்வளவு இருக்கும் என்ற முன்னறிவு நமக்கு இருப்பதால், பார்த்த மாத்திரத்தில் மனம் அதைத் திருத்தி வாசித்துக்கொண்டு அப்பால் போய்விடுகிறது. கணிப்பொறிக்கு அந்த முன்னறிவு கிடையாது. அதன் முன் வந்து நிற்பது வெறும் எழுத்து வரிசை. அந்த வரிசையை எண்ணாக மாற்றுவதற்கு அது நாடுவதோ, தன்னை வைத்திருப்பவர் எந்தத் தேசத்தார், எந்த மொழியார் என்று எப்போதோ எவராலோ குறிக்கப்பட்டுவிட்ட ஒரு சிறிய ஏற்பாடு. விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அதைக் கண்ட்ரோல் பேனலுக்குள் ‘ரீஜியன்’ என்ற பெயரில் பார்த்திருப்பார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ‘லொகேல்’ என்பார்கள். தேதியில் நாள் முதலில் வருமா மாதம் முதலில் வருமா, நாணயக் குறி தொகைக்கு முன்னால் நிற்குமா பின்னால் நிற்குமா என்பன போன்றவற்றை நிர்ணயிக்கிற அந்த ஏற்பாடு வெறும் அலங்கார விஷயம் என்றே பெரும்பாலோர் எண்ணியிருக்கிறார்கள். அது அலங்காரத்தோடு நின்றுவிடுவதில்லை.

ஜெர்மனியில் ஒன்றரையை 1,5 என்று எழுதுவார்கள்; ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கை 1.234 என்று எழுதுவார்கள். நாம் புள்ளி வைக்கிற ஸ்தானத்தில் அவர்களுக்குக் கமா. நாம் கமா வைக்கிற ஸ்தானத்தில் அவர்களுக்குப் புள்ளி. பிரான்ஸ், இத்தாலி, ரஷ்யா, பிரேசில் ஆகிய தேசங்களிலும் முழு எண்ணிலிருந்து தசாம்சத்தைப் பிரித்துக் காட்டுவது கமாவே. இப்போது, மைக்ரோஸாஃப்ட் நிறுவனத்தின் டாட்நெட் மேடையில் எழுதப்பட்ட நிரல் ஒன்று, ஒரு கோப்பிலிருந்து 1.5 என்ற எழுத்துக்களைப் படித்து எண்ணாக மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலோ லண்டனிலோ உள்ள பொறியில் அதற்குக் கிடைக்கும் விடை ஒன்றரை. ஜெர்மன் ஏற்பாட்டில் உள்ள பொறியில், அதே நிரலுக்கு, அதே கோப்பிலிருந்து கிடைக்கும் விடை பதினைந்து. பிழை நேர்ந்தது என்ற அறிவிப்பு எதுவும் வருவதில்லை. ஏனெனில் பொறியின் நோக்கில் பிழை எதுவும் நேரவில்லை. அங்கே புள்ளி என்பது ஆயிரங்களைப் பிரிப்பதற்காக இடையே இடப்படும் குறி. அது கண்ணுக்குச் சௌகரியமேயன்றிப் பொருளில் சேர்ந்ததன்று. ஆகவே அதை நீக்கிவிட்டு, எஞ்சிய ஒன்றையும் ஐந்தையும் சேர்த்துப் பதினைந்து என்று அது படித்துக்கொள்கிறது. சி மொழியின் நூலகமோ வேறு விதமாக நடந்துகொள்கிறது. ஜெர்மன் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்ட நிலையில் 1.5 என்பதை அது படிக்கும்போது, புள்ளியைக் கண்டதும் எண் அவ்விடத்தில் முடிந்துவிட்டதாகக் கொண்டு, ஒன்று என்ற விடையோடு நின்றுவிடுகிறது. ஒரே ஒன்றரை ஒரு மேடையில் பத்து மடங்காகிறது, மற்றொன்றில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறது. இரண்டும் சத்தமின்றி நடக்கின்றன.

இந்தப் பிரிவினை கணிப்பொறியால் உண்டானதன்று. 1440-களிலேயே இத்தாலியில் ஜியோவான்னி பியான்கீனி என்ற வான சாஸ்திரி தம் கணக்குகளில் தசமப் புள்ளியைக் கையாண்டிருக்கிறார். 1585-இல் லெய்டன் நகரத்தில் தசாம்சங்களைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்ட சைமன் ஸ்டெவின், புள்ளியும் இல்லாமல் கமாவும் இல்லாமல், ஒவ்வோர் இலக்கத்தின் ஸ்தானத்தையும் வட்டமிட்ட எண்ணால் குறித்துக் காட்டினார். மடக்கைகளை உலகுக்கு அளித்த ஜான் நேப்பியரோ, 1617-இல் வெளிவந்த நூலில் கமாவைப் பிரயோகித்துவிட்டு, அவர் காலமான பின் 1619-இல் வெளிவந்த நூலில் புள்ளியோடு காட்சி தருகிறார். அக்காலத்தில் அது அவரவர் கைப்பழக்கமாக இருந்ததேயொழிய வழக்காறாக இறுகிவிடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பின்னர் லைப்னிட்ஸ், பெருக்கலுக்கு இட்டுவந்த குறுக்குக் குறி எக்ஸ் என்ற எழுத்தோடு மயங்குகிறது என்று 1698-இல் யோஹன் பெர்னூலிக்கு எழுதி, பெருக்கலுக்குப் புள்ளியையே தாம் விரும்புவதாகத் தெரிவித்தார். ஐரோப்பாக் கண்டத்தில் புள்ளிக்கு இந்த வேலை வந்து சேர்ந்த பிறகு தசாம்சத்துக்குக் கமா சௌகரியமாகப்பட்டது இயல்பே. பிரிட்டன் புள்ளியை வைத்துக்கொண்டது. பிரிட்டன் ஆண்ட தேசங்களுக்கும் பெரும்பாலும் அதுவே போய்ச் சேர்ந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் தசாம்சத்துக்குப் புள்ளி வைக்கிறார்கள் என்றால் அதற்கு மூலகாரணம் கணிதமன்று, சரித்திரம்.

எடை அளவுகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு 1948-இல் இதைப் பற்றி ஆலோசித்து, கமாவும் செல்லும், புள்ளியும் செல்லும் என்று தீர்மானித்தது. 2003-இல் மீண்டும் கூடியபோதும் அதையே உறுதி செய்தது. அத்தீர்மானங்களின் பிற்பகுதியை மக்கள் அதிகமாகக் கவனிப்பதில்லை. அது சொல்வது யாதெனில், நீண்ட எண்களை மும்மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதலாம், ஆனால் அந்த இடைவெளிகளில் புள்ளியையோ கமாவையோ இடலாகாது என்பது. மயக்கம் தசாம்சக் குறி இரண்டாக இருப்பதால் மட்டும் வரவில்லை. ஒரு தேசத்தின் தசாம்சக் குறியே மற்றொரு தேசத்தில் ஆயிரத்தின் குறியாக இருப்பதால் வருகிறது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். விஞ்ஞானிகள் அந்த விதியைப் பெரும்பாலும் அனுசரிக்கிறார்கள். வர்த்தகம் அனுசரிக்கவில்லை.

கணிப்பொறிக்குள் இந்த ஏற்பாடு புகுந்தது நல்லெண்ணத்தால்தான். 1989-இல் நிர்ணயிக்கப்பட்ட அமெரிக்க சி மொழித் தரத்தில், பயனரின் தேசத்துக்கு ஏற்ப எண்ணையும் தேதியையும் எழுத்து வரிசையையும் அமைத்துக்கொள்ளும் வசதி இடம்பெற்றது. நிரல் தொடங்கும்போது ‘சி’ என்ற நடுநிலை ஏற்பாட்டில்தான் இருக்கும். பயனரின் ஏற்பாட்டை ஏற்றுக்கொள் என்று நிரலே கேட்டுக்கொண்டாலன்றி அது மாறாது. இதுவரை எல்லாம் விவேகமானதே. ஆனால் மாறிய பிறகு, அந்த மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் முழுவதற்கும் பொருந்திவிடுகிறது. திரையில் மனிதருக்குக் காட்டுவதற்கு எண்ணை எழுதுகிற அதே சாதனமே, இன்னொரு நிரல் படிப்பதற்காகக் கோப்பில் எண்ணை எழுதுவதற்கும் பயன்படுகிறது. இரண்டு விதமான வாசகர்களுக்கு ஒரே பேனாவைக் கொடுத்துவிட்டு, ஒருவரின் ருசிக்கேற்ப அதன் மையை மாற்றினால் மற்றவர் என்ன செய்வார் என்று அன்று எவரும் போதிய அளவு யோசிக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதன் பலன் படங்களில் பிரத்தியட்சமாகத் தெரியும். எஸ்.வி.ஜி. என்ற பட வடிவத்தில் ஒவ்வொரு கோடும் எண்களால் விவரிக்கப்படுகிறது. அங்கே தசாம்சத்துக்குப் புள்ளி, ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் இடையே கமா. ஜெர்மன் ஏற்பாட்டில் ஓடும் கவனமற்ற நிரல் ஒன்று பத்தரையை 10,5 என்று எழுதிவிடுமானால், படத்தைத் திறக்கிற நிரல் அதைப் பத்து, ஐந்து என்று இரண்டு தூரங்களாகக் கொள்கிறது. அதற்குப் பின்வரும் ஒவ்வோர் எண்ணும் ஓரிடம் தள்ளிப்போய், வரைந்தவர் கண்டறியாத உருவம் ஒன்று திரையில் விரிகிறது. இன்னும் சூக்ஷ்மமான தொல்லை ஒன்றைப் பைத்தான் மொழிக்காரர்கள் அனுபவித்தார்கள். சாளரங்களும் பொத்தான்களும் வரையும் ஜி.டி.கே. என்ற நூலகம், தன்னைப் பயன்படுத்தும் நிரலைப் பயனரின் ஏற்பாட்டுக்கு மாற்றிவிடும். பைத்தானோ எண்களைப் படிக்கும் தன் உள்வேலைகளுக்கு நடுநிலை ஏற்பாடு கலையாதிருப்பதையே நம்பியிருந்தது. பயனருக்குக் கமாவோடு எண் தெரியவேண்டுமானால் மொழியின் அஸ்திவாரம் ஆடும். அஸ்திவாரம் உறுதியாக நிற்கவேண்டுமானால் பயனருக்குத் தம் தேச வழக்கம் கிடைக்காது. 2003-இல் இதற்கென்றே சீர்திருத்தத் திட்டம் ஒன்று எழுதப்பட்டு, 2004-இல் வெளிவந்த பைத்தான் 2.4 பதிப்பில், எண்ணாக்கும் வேலை தேச ஏற்பாட்டின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டது. பி.எச்.பி. மொழி அதே சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை 2020-இல் வந்த எட்டாம் பதிப்பில்தான் செய்துகொண்டது. அதுவரை அம்மொழியில் ஒரு தசம எண்ணை எழுத்தாக மாற்றினால், தேச ஏற்பாட்டைப் பொறுத்துப் புள்ளியும் வரலாம், கமாவும் வரலாம்.

டாட்நெட்டின் ‘பதினைந்து’க்கு மீண்டும் வருகிறேன், ஏனெனில் அதில் நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு செய்தி இருக்கிறது. ஆயிரங்களின் குறி சரியாக மூன்று இலக்கங்களுக்கு முன்னால்தான் நிற்கிறதா என்று அந்த மேடை பரிசோதிப்பதில்லை. எங்கே நின்றாலும் அதை நீக்கிவிட்டுப் படிக்கிறது. இதைக் குற்றமாகக் கூறுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒன்றேகால் லட்சத்தை நாம் 1,25,000 என்று எழுதுகிறோம். கடைசியில் மூன்று இலக்கம், அதற்கு முன்னால் இரண்டிரண்டாக. அமெரிக்க ஏற்பாட்டில் உள்ள பொறியும் நம்முடைய 1,25,000 என்பதைத் தடையின்றி ஏற்று, சரியான தொகையாகவே படிக்கிறது என்றால், அதற்குக் காரணம் இந்தத் தளர்வுதான். இந்தியரின் லட்சத்தை மரியாதையோடு ஏற்றுக்கொண்ட அதே தாட்சிண்யமே, ஜெர்மானியரின் பொறியில் ஒன்றரையைப் பதினைந்தாக்குகிறது. ஆகவே, கண்டிப்பாகப் படிக்கச் செய்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்வது சுலபமாயினும், எந்தத் தேசத்தின் கண்டிப்பு என்ற கேள்வி உடனே எழுந்துவிடுகிறது.

எக்ஸெல் என்ற கணக்கேடு இவ்விஷயத்தின் நன்மைக்கும் தீமைக்கும் ஒருங்கே உதாரணமாக நிற்கிறது. சென்னையில் ஒரு கணக்கர் தயாரித்த ஏட்டில் 1,23,45,678 என்று தெரிகிற தொகை, சிங்கப்பூர்க் கிளையில் திறக்கப்படும்போது 12,345,678 என்று தெரிகிறது. தொகை மாறவில்லை, தோற்றந்தான் மாறிற்று. அதுவும் ஏட்டால் அன்று, விண்டோஸின் ரீஜியன் ஏற்பாட்டால். லட்சக் கமா வரவில்லை என்று எக்ஸெலுக்குள்ளேயே வெகுநேரம் தேடிக் களைத்தவர்கள் நம் அலுவலகங்களில் அநேகர்; சாவி கண்ட்ரோல் பேனலில் இருக்கிறது. தமிழ்மொழி ஒன்றாயினும், யூனிகோட் கூட்டமைப்பு பராமரித்துவரும் வட்டார வழக்குத் தொகுப்பில் இந்தியத் தமிழுக்கு லட்சப் பிரிப்பும், சிங்கப்பூர், மலேசியத் தமிழுக்கு ஆயிரப் பிரிப்பும் தனித்தனியே பதிவாகியிருக்கின்றன; அந்தந்த நாட்டுத் தமிழர் எப்படி எழுதுகிறார்களோ அப்படி. ஜெர்மனியில் அதே ஏட்டைத் திறந்தால் கூட்டற் சூத்திரத்தின் பெயர்கூட ஜெர்மனில் தெரியும், சூத்திரத்துக்குள் கமாவுக்குப் பதிலாக அரைப்புள்ளி வரும். ஆனால் கோப்பின் உள்ளே எல்லாம் ஒரே நடுநிலை வடிவத்தில் இருப்பதால் எங்கே திறந்தாலும் கணக்குப் பிசகுவதில்லை. இதுவே செம்மையான முறை என்பது என் திடமான அபிப்பிராயம்.

அந்த ஏட்டையே சி.எஸ்.வி. என்ற வெற்றெழுத்துக் கோப்பாக மாற்றி அனுப்பும்போது இந்தப் பாதுகாப்பு முழுவதும் கழன்றுவிடுகிறது. கமாவால் பிரிக்கப்பட்டது என்று பெயரிலேயே சொல்லிக்கொள்கிற அந்த வடிவம், கமா தசாம்சத்துக்குரிய தேசங்களில் எக்ஸெலின் கையில் அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்டதாகிவிடுகிறது. இந்தியாவிலிருந்து போன கோப்பை அங்கே திறந்தால் பெயர், தேதி, தொகை யாவும் ஒரே பத்தியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. அது கண்ணுக்குத் தெரிகிற தவறாதலால் யாரும் திருத்திவிடுவார்கள். தெரியாத தவறு உள்ளே இருக்கிறது. ஜெர்மனியில் தேதியின் நாளையும் மாதத்தையும் புள்ளியால் பிரிப்பார்கள். ஆகையால் நம் 1.5 அங்கே மே மாதம் முதல் தேதியாகப் படிக்கப்படுகிறது. எக்ஸெல் தேதிகளை 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிய நாட்களாக வைத்துக்கொள்வது வழக்கம். எனவே 2024-இல் அந்தக் கோப்பைத் திறந்தவருக்கு, ஒன்றரை இருந்த கட்டத்துக்குள் 45,413 என்ற மதிப்பு உட்கார்ந்துவிடுகிறது. அதே பத்தியில் இருந்த 1.234 ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்காகிறது. 0.75 எந்தத் தேதிக்கும் பொருந்தாமல் வெறும் எழுத்தாக நின்று, கூட்டும்போது கணக்கில் சேராமல் விடுபட்டுப்போகிறது. ஒரே பத்தியில், ஒரே ஆசிரியர் ஒரே நோக்கத்தோடு எழுதிய மூன்று எண்கள் மூன்று விதமாகச் சிதைகின்றன. அடியில் வரும் கூட்டுத்தொகையோ, எல்லாக் கூட்டுத்தொகைகளையும் போலவே சுத்தமாகவும் நம்பத்தக்கதாகவும் காட்சியளிக்கிறது. மருந்தின் அளவோ இரும்புச் சட்டத்தின் கனமோ அந்தப் பத்தியில் இருந்திருந்தால் என்ன ஆகும் என்பதை விவரிக்க வேண்டியதில்லை.

உலகமெல்லாம் ஒரே குறியை ஏற்றுக்கொண்டால் என்ன என்று கேட்கிறவர்கள், பெரும்பாலும் புள்ளி வைக்கிற தேசங்களிலிருந்தே கேட்கிறார்கள். கோடிக்கணக்கான மக்கள் குழந்தைப் பிராயத்திலிருந்து கையால் எழுதிப் பழகிய ஒரு வழக்கத்தை, இயந்திரத்துக்கு நிரல் எழுதினவர்களின் சௌகரியத்துக்காகத் துறந்துவிடச் சொல்வது நியாயமாகாது. மேலும் சட்டம் சொல்வதும் ஜனங்கள் செய்வதும் ஒரே தேசத்துக்குள்ளேயே ஒத்துப்போவதில்லை. தென்னாப்பிரிக்காவில் அதிகாரபூர்வமான தசாம்சக் குறி கமா. ஆயினும் அங்கே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களிடம் புள்ளி தாராளமாகப் புழங்குகிறது. தென்னாப்பிரிக்க ஆங்கிலம் என்று ஏற்பாட்டில் குறித்துக்கொண்டவர்களின் பொறி அவர்களிடம் கமாவை எதிர்பார்ப்பதுண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஆயிரங்களை இடைவெளியால் பிரிக்கிறார்கள். அதுவும் சாதாரண இடைவெளியன்று, வரி முறியும்போது எண்ணும் முறிந்துவிடாதபடி காக்கும் தனி வகை இடைவெளி. யூனிகோட் தொகுப்பு சில ஆண்டுகளுக்கு முன் அதை இன்னும் குறுகிய வகையாக மாற்றியபோது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாத அந்த மாற்றத்தால், பழைய இடைவெளியை எதிர்பார்த்திருந்த நிரல்கள் தடுமாறின. பயனர் விசைப்பலகையின் நீண்ட கட்டையைத் தட்டி உண்டாக்குகிற இடைவெளியோ இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது. எகிப்திய அரபு மொழிக்கு அமைக்கப்பட்ட ஆண்ட்ராய்டு கைபேசியில் இலக்கங்களே அரபு இலக்கங்களாக வெளிவரும். அவற்றைத் திரையில் காண்பவர் மகிழ்வார், தரவுத்தளத்துக்கு அனுப்பப்படும் கட்டளைக்குள் அவையே நுழைந்துவிட்டால் கட்டளை நிராகரிக்கப்படும்.

எல்லாவற்றிலும் என்னை வருத்துவது, இந்தத் தொல்லை அதை உண்டாக்கினவர் கண்ணில் படுவதேயில்லை என்பதுதான். புள்ளி வைக்கிற தேசத்தில் எழுதப்பட்டு, புள்ளி வைக்கிற பொறியில் பரிசோதிக்கப்பட்ட நிரல் எல்லாப் பரீட்சைகளிலும் தேறிவிடுகிறது. அவதி முழுவதும் கமா வைக்கிறவர்கள் தலையில் விழுகிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அமர்ந்து ஐரோப்பியத் தொழிற்சாலைகளுக்கு நிரல் எழுதும் நம் இளைஞர்கள் இதை விசேஷமாக எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்களுடைய பொறி ஆங்கில-இந்திய ஏற்பாட்டில் இருக்கிறது. அங்கே அவர்கள் எழுதியது பிழையற்றது. பரிசோதனைப் பொறி ஒன்றை ஜெர்மன் ஏற்பாட்டுக்கு மாற்றி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதற்கு அதிக நேரம் பிடிக்காது. அதைச் செய்யாததற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வதைவிட, நாம் எழுதுகிற விதமே எண்ணின் இயற்கை என்று ஆழ்ந்து நம்பிவிட்டதைச் சொல்வதே பொருந்தும்.

பரிகாரம் இல்லாமலில்லை. டாட்நெட்டில் எந்தத் தேசத்தையும் சாராத ஏற்பாடு ஒன்று தனியே இருக்கிறது; ஜாவாவிலும் இருக்கிறது; 2017-ஆம் ஆண்டின் சி++ தரம், தேச ஏற்பாட்டைக் கண்ணெடுத்தும் பாராமல் எண்ணை எழுதவும் படிக்கவும் புதிய கருவிகளைத் தந்தது. இணையப் பக்கங்களில் எண்ணை நிரப்பக் கொடுக்கிற கட்டம் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம். ஜெர்மன் பயனர் ஒருவர் அதில் 1,5 என்று தம் வழக்கப்படியே எழுதலாம், அவர் கண்ணுக்கு அது அப்படியே தெரியும். ஆனால் உள்ளே அது 1.5 என்ற ஒரே நியமத்துக்கு மாற்றப்பட்ட பிறகே கம்பி வழியாகப் பயணம் புறப்படுகிறது. மனிதர் முகம் பார்க்கிற இடத்தில் அவருடைய வழக்கம், இயந்திரத்தோடு இயந்திரம் பேசுகிற இடத்தில் ஒரு பொது நியமம் என்று எல்லை வகுத்துக்கொண்ட நிரல்களில் நான் மேலே சொன்ன விபரீதங்கள் நேர்வதில்லை.

அப்படி எல்லை வகுத்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சத்தான் செய்கிறது. யாரோ ஒருவர் அனுப்பிய கோப்பில் 1,234 என்று ஓர் எண் இருக்கிறது. அது ஆயிரத்து இருநூற்று முப்பத்து நான்கா, ஒன்றேகாலுக்குச் சற்றுக் குறைந்ததா என்பதை அந்த ஐந்து எழுத்துக்களிலிருந்து எவ்வளவு நுட்பமான நிரலாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதினவர் எந்தத் தேசத்து வழக்கில் எழுதினார் என்று தெரிந்தால் மட்டுமே முடியும். இதை உணர்ந்துதான், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2015-இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றில், சி.எஸ்.வி. கோப்போடு துணைக்கோப்பு ஒன்றை இணைத்து, இதில் தசாம்சக் குறி இன்னது, இலக்கப் பிரிப்புக் குறி இன்னது என்று அறிவித்துவிட வழி செய்தது. அலுவலகங்களுக்கிடையே அன்றாடம் அஞ்சலில் போய்வரும் கோப்புகள் பெரும்பாலும் அத்தகைய துணை இன்றியே போகின்றன. துணைக்கோப்பு எழுதத் தெரியாதவரும், கோப்பை இணைத்து அனுப்புகிற கடிதத்தில், இதிலுள்ள எண்களில் தசாம்சத்துக்குப் புள்ளி வைத்திருக்கிறேன், லட்சக் கமா இடவில்லை என்று ஒரு வரி சேர்க்கலாம்; ஹாம்பர்கில் அதைத் திறக்கிறவர் ஒன்றரையை ஒன்றரையாகவே படிப்பதற்கு அந்த வரி போதும்.